முந்திரிக்கொட்டை எண்ணெய்: ஒரு கைக்கறையின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். சென்னைப் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை. கம்பெனிக்கு வந்து இறங்கிய பீப்பாயோடு வந்த பாதுகாப்புத் தகவல் தாள் அது. சரக்கின் பெயர் கார்டனால். தோலில் பட்டால் எரியும், ஒவ்வாமை வரும், கண்ணில் பட்டால் கடும் சேதம் என்று பத்தி பத்தியாக எச்சரிக்கை. கீழே அவர் கேட்டிருந்த கேள்வி இது: "சார், இது நம்ம ஊர் முந்திரிக் கொட்டையிலருந்து எடுக்கிறதாம். எங்க ஆயா காலமெல்லாம் வெறும் சாம்பலத் தடவிக்கிட்டு உடைச்சாங்க. இங்க கண்ணாடி, கையுறை, ஏப்ரன் இல்லாம கிட்டவே விடமாட்டேங்கறாங்க. இதுல எது சார் சரி?"

நான் வேதியியல் வாத்தியார் இல்லை, வரலாறு நடத்தியவன். அதனால் கதையின் முதலிலிருந்துதான் எனக்குப் பதில் சொல்ல வரும். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், அந்தப் பக்கம் விருத்தாசலம், பண்ருட்டி என்று செம்மண்ணும் முந்திரியுமாக வாழ்கிற எல்லோருக்கும் இது சொந்த வீட்டு விஷயம்.

முந்திரி நம் மரம் இல்லை. பிரேசில் நாட்டு மரம். அங்கே போய்வந்த பிரெஞ்சுத் துறவி ஆந்த்ரே தெவே 1550களின் கடைசியில் வெளியிட்ட தன் பயண நூலில் இந்த மரத்தைப் படத்தோடு வர்ணித்திருக்கிறார். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் அதை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். கிறிஸ்தோவாவ் த கோஸ்தா என்ற மருத்துவர் கொச்சித் தோட்டங்களில் இந்த மரத்தைப் பார்த்ததை 1578இல் அச்சான தன் மருந்து நூலில் எழுதியிருக்கிறார். மலையாளத்தில் இன்றும் இது பறங்கிமாவு, அதாவது பறங்கியர் கொண்டுவந்த மாமரம். (நம் "முந்திரி" என்ற பெயர்கூட இரவல்தான். பழைய தமிழில் முந்திரிகை என்றால் திராட்சை. கணக்கு வாத்தியாரைக் கேட்டால் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு என்பார். அதைத் தனிப் பதிவாக ஒருநாள் எழுதுகிறேன்.)

இந்தக் கொட்டையின் ஓட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே தேனடை மாதிரிச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். அந்த அறைகள் நிறையச் செம்பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான ஒரு திரவம். ஓட்டின் எடையில் கால் பங்கு அல்லது அதற்கும் கொஞ்சம் மேலே இதுதான். பருப்பைப் பூச்சியும் பறவையும் தின்னாமல் காக்க மரம் கட்டிக்கொண்ட அகழி என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பச்சை எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். அடுத்தது கார்டால். இரண்டும் தோலைத் தின்னும். பட்ட இடம் முதலில் கறுக்கும், பிறகு கொப்புளிக்கும், பிறகு உரியும். இதே எண்ணெய்க்கு நன்றாகச் சூடேறினால் தீயும் பிடிக்கும். அரிப்பதும் எரிவதும் ஒரே பொருளில் இருப்பதால்தான் கம்பெனிக்காரர்கள் அவ்வளவு பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் இந்தக் குணம் தமிழருக்குப் புதிதில்லை. சேராங்கொட்டை தெரியும் அல்லவா? துணியில் அழியாத குறி போட வண்ணார்கள் பயன்படுத்திய கொட்டை. அதன் பால் பட்டால் உடம்பு வீங்கும். சித்த வைத்தியத்தில் அதன் மூக்கை நீக்கி, சுத்தி செய்யாமல் எந்த மருந்திலும் சேர்க்க மாட்டார்கள். முந்திரிக்கும் சேராங்கொட்டைக்கும் மாமரத்துக்கும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாவதும் இந்தக் குடும்பக் குணம்தான். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். "அனகார்டியம்" என்ற பெயரை ஐரோப்பிய மருந்துக் கடைக்காரர்கள் முதலில் வைத்திருந்தது நம் சேராங்கொட்டைக்கு. பின்னால் வந்த லின்னேயஸ் 1753இல் அதைத் தூக்கி முந்திரிக்குக் கொடுத்துவிட்டார். "அனகார்டியம் ஆக்சிடென்டேல்" என்பதற்கு ஏறக்குறைய மேற்கத்தியச் சேராங்கொட்டை என்று பொருள். ஆகவே தோலைப் பொசுக்கும் கொட்டையை எப்படித் தொடுவது, எப்படித் தொடக்கூடாது என்ற அறிவு முந்திரிக்கு முன்பே நம் ஊரில் இருந்தது.

அந்த அறிவை எங்கள் பக்கம் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் கொல்லையிலேயே மூன்று கல் கூட்டி, ஓட்டை போட்ட பழைய தகரத்தைப் போட்டு, சருகு வைத்துக் கொளுத்திக் கொட்டையை வறுப்பார்கள். சூடேறியதும் ஓட்டிலிருந்து எண்ணெய் சீறிக்கொண்டு வரும். சட்டென்று தீப்பிடித்துத் தகரம் முழுக்க எரியும். அந்த நேரம் பார்த்து நீளக் கழியால் தகரத்தைத் தட்டிக் கவிழ்த்து, உலர்ந்த மண்ணை வாரிப் போட்டு அணைப்பார்கள். யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். சின்னப் பிள்ளை புகைப் பக்கம் போனால் அதட்டு விழும். உடைக்க உட்காரும்போது இரண்டு கையிலும் ஆமணக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ பூசி, மேலே அடுப்புச் சாம்பலை அப்பிக்கொள்வார்கள். எண்ணெய் தோலுக்கும் கொட்டை எண்ணெய்க்கும் நடுவே ஒரு திரை. சாம்பல் அமிலத்தைக் கொஞ்சம் முறிக்கும், ஈரத்தை உறிஞ்சும். உடைத்த கையோடு முகத்தைத் தொடாதே, பிள்ளைக்குப் பால் கொடுக்காதே என்று மாமியார்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இதை நான் பழைய பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சாம்பல் பாதிதான் காத்தது. கொட்டை உடைத்தவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நுனி ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். நான் சொல்ல வருவது வேறு. தீ, காற்றுத் திசை, உலர்ந்த மண், தோலுக்கு ஒரு திரை, குழந்தையைத் தள்ளி வைப்பது என்று இன்று பாதுகாப்புத் தாளில் இருக்கும் தலைப்புகளில் பாதி அந்தக் கொல்லையில் இருந்தது. எழுத்தில் மட்டும் இல்லை.

பருப்பு வியாபாரம் தொழிற்சாலைக்குள் போனது கொல்லத்தில். 1920களில் தொடங்கி 1930களில் வேகமாக வளர்ந்தது. உள்ளூர்க் கொட்டை போதாமல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொட்டை வந்தது. உடைத்ததும் தோல் உரித்ததும் ரகம் பிரித்ததும் பெரும்பாலும் பெண்கள். முதலில் திறந்த சட்டி வறுவல். நம் கொல்லையில் நடந்ததுதான், ஆனால் ஒரே கூரையின் கீழ் பல அடுப்பு, நாள் முழுக்கப் புகை. பிறகு சுழலும் உருளை வந்தது. அதற்குப் பிறகு வந்தது எண்ணெய்த் தொட்டி முறை. கொட்டையை அதன் எண்ணெயிலேயே, ஏறத்தாழ 190 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் முக்கி எடுப்பது. ஓட்டிலிருந்த எண்ணெயில் ஒரு பாதி வெளியே வந்து தொட்டியில் சேர்ந்துவிடும். அதுவரை புகையாகப் போன பொருள் முதல் தடவையாக விற்பனைச் சரக்கானது.

அதை வாங்க ஆள் இருந்தது. அமெரிக்காவில் மார்டிமர் ஹார்வி என்ற வேதியியலாளர் இந்த எண்ணெயை வைத்து 1920களிலும் 30களிலும் காப்புரிமை மேல் காப்புரிமையாக வாங்கிக்கொண்டிருந்தார். எண்ணெயைச் சூடாக்கிக் கெட்டியாக்கிப் பொடித்தால் ஒரு தூள் கிடைக்கிறது. அதைப் பிரேக் லைனிங்கில் சேர்த்தால், பிரேக் பிடிக்கும்போது வரும் சூட்டில் அது உருகி வழுக்குவதில்லை, சத்தமும் குறைகிறது. கார்களும் லாரிகளும் பெருகிய காலம். இரண்டாம் உலகப் போரின்போது முந்திரி ஓட்டு எண்ணெயை அமெரிக்க அரசு போர்க்காலக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மின்கருவிகளுக்கான காப்பு வார்னிஷ், ரெசின் எல்லாவற்றுக்கும் அது தேவைப்பட்டது. இன்று கப்பல் பெயின்ட் வரைக்கும் போயிருக்கிறது. நீங்கள் ஏறுகிற ஜெயங்கொண்டம் பஸ்ஸின் பிரேக்கிலும் அது இருக்கக்கூடும்.

இந்த இடத்தில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது என்பது என் கருத்து. எண்ணெய் பீப்பாய்க்குள் போனதும் அதற்கு ஒரு பெயர், ஒரு தரம், ஒரு தாள் வந்துவிட்டது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 840 என்ற தர அளவு இதற்காகவே வெளியானது. பிசுபிசுப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, அயோடின் மதிப்பு எவ்வளவு என்று எண்ணெயை அளந்தார்கள். பிறகு வந்தது 1984 டிசம்பர் போபால். அந்த இரவில் என்ன வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்று தெரியாமல் டாக்டர்களே தவித்ததைப் பார்த்த பிறகுதான் நாட்டில் சட்டம் மாறியது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்த்த 41பி பிரிவு, உள்ளே இருக்கும் ஆபத்தான பொருள் என்ன, அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றியிருக்கும் மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. என் மாணவர் கையில் இருக்கும் தாளுக்கு இப்படி ஒரு தலைமுறை மரணத்தின் பின்னணி உண்டு. அதை அவர் அலட்சியமாகப் பார்க்கக் கூடாது என்று எழுதினேன்.

ஆனால் அந்தத் தாள் பீப்பாயோடு முன்னால் போனது. ஓட்டை நோக்கிப் பின்னால் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொழிற்சாலைகள் சட்டமும் வந்தன. கொல்லத்தில் சங்கம் வலுவாக இருந்தது, கூலி நிர்ணயம் நடந்தது. உடனே வேலையின் ஒரு பங்கு தொழிற்சாலையை விட்டு வீடுகளுக்குப் போய்விட்டது. கேரளத்தில் அதற்குக் "குடிவறுப்பு" என்று பெயர். கொட்டையை வீட்டுக்குக் கொடுத்து, வறுத்து உடைத்துப் பருப்பாக வாங்கிக்கொள்வது. சட்டப்படி கூலி இல்லை, மருத்துவ வசதி இல்லை, புகை வீட்டுக்குள்ளே. 1960களின் கடைசியில் கேரள அரசு அதைத் தடை செய்தது. தடை செய்ததும் என்ன ஆகும்? வேலை எல்லை தாண்டியது. கேரள முதலாளிகள் பலர் கூலி குறைவான தமிழ்நாட்டுக்கு, முக்கியமாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வேலையை நகர்த்தினார்கள். இதை அன்னா லிண்ட்பெர்க் என்ற சுவீடன் நாட்டு வரலாற்று ஆய்வாளர் கேரள முந்திரித் தொழிலாளர் பற்றிய தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படியுங்கள்.

தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. திண்ணையில் நான்கு பெண்கள் உட்கார்ந்து உடைத்தால் அது தொழிற்சாலை இல்லை. அங்கே ஆய்வாளர் வர மாட்டார். 41பி பிரிவும் வரவில்லை. பொருள் மட்டும் அதே பொருள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1982 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சிறுவர் பேஸ்பால் அமைப்பு ஒன்று நிதி திரட்டுவதற்காக முந்திரிப் பருப்புப் பை விற்றது. மொத்தம் 7,500 பை. மொசாம்பிக்கிலிருந்து வந்த பருப்பு. சில பைகளில் ஓட்டுத் துண்டுகள் கலந்துவிட்டன. தின்றவர்களில் 54 பேருக்கு உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை விசாரித்து, அடுத்த ஆண்டு தன் வாராந்தர அறிக்கையில் வெளியிட்டது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. 54 பேரின் அரிப்பு அச்சேறிவிட்டது. அதே ஓட்டைத் தினமும் ஆயிரக்கணக்கில் உடைத்த கைகளைப் பற்றி எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிச் சீட்டில் "படை" என்று ஒரு வார்த்தை இருக்கும், அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசி முதல் வைகாசி வரை முந்திரிக் காலம். அதுதான் முழுப் பரீட்சைக் காலமும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மார்ச் மாதம் வந்தால் வகுப்பில் சிலர் பேனாவை வித்தியாசமாகப் பிடிப்பார்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்து, ஓரம் உரிந்து, சிவந்த புதுத் தோல் தெரியும். விடைத்தாளில் பழுப்புக் கறை இருக்கும். அது மசி இல்லை என்று திருத்துகிற எங்களுக்குத் தெரியும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அபாயத் தொழில் பட்டியலில் முந்திரிக்கொட்டை உடைப்பதும் பதப்படுத்துவதும் பின்னர் சேர்க்கப்பட்டன. பீடி, தீப்பெட்டி, பட்டாசு வரிசையில் முந்திரி. சட்டமும், சத்துணவும், ஊரில் வந்த கொஞ்சம் காசும் சேர்ந்து அந்தக் கறுத்த விரல்களை வகுப்பறையிலிருந்து பெரும்பாலும் விரட்டிவிட்டன. நான் ஓய்வு பெறும்போது அப்படி ஒரு விரலைப் பார்ப்பது அபூர்வம். இதைப் பதிவு செய்யாமல் விட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

இப்போது நிலைமை வேறு மாதிரி மாறியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் கடலூர்ப் பக்கம் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டி வட்டாரத்துக்கு இன்று ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொட்டை வந்து இறங்குகிறது. வறுப்பதற்குப் பதில் பல இடங்களில் ஆவியில் அவித்து, காலால் மிதித்து இயக்கும் வெட்டும் இயந்திரத்திலோ தானியங்கி இயந்திரத்திலோ வெட்டுகிறார்கள். புகை குறைந்தது, பெரிய நன்மை. ஆனால் அவித்த ஓட்டில் எண்ணெய் அப்படியே இருக்கும், அதுவும் பச்சையாக. வறுத்த ஓட்டைவிட அவித்த ஓடு கையை அதிகம் பொசுக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. "புகை இல்லையே, அப்புறம் என்ன?" என்கிறார்கள்.

அந்த எண்ணெய் நிறைந்த ஓட்டுக்கு இன்று நல்ல விலை. செக்கு மாதிரியான எக்ஸ்பெல்லரில் போட்டுப் பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள். முன்பு செங்கல் சூளைக்குப் போன ஓடு இப்போது எண்ணெய் ஆலைக்குப் போகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டுக் குவியல், எண்ணெய்ப் பீப்பாய், சில இடங்களில் எண்ணெய் காய்ச்சும் அண்டா. எனக்குக் கவலை இந்த அண்டாவைப் பற்றித்தான். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதவும் உட்கார்ந்தேன்.

பச்சை எண்ணெயைக் காய்ச்சினால் அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்டனாலாக மாறும். கையை அரிக்கும் குணம் கொஞ்சம் தணியும். விலையும் கூடும். ஆனால் அந்த வாயு வெளியே வரும்போது எண்ணெய் பால் பொங்குவது மாதிரி நுரைத்துப் பொங்கும். பால் பொங்கினால் அடுப்பு அணையும். இது பொங்கினால் அடுப்பில் விழுந்து எரியும். அண்டாவில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, சூட்டை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், கொட்டையிலோ எண்ணெயிலோ ஈரம் இருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். இந்த எண்ணெயின் ஆவி தீப்பற்றும் சூடு சுமார் 200 டிகிரிக்கு மேலே. கொட்டை வறுக்கும் தொட்டியின் சூடு 200க்குச் சற்றுக் கீழே. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. தெர்மாமீட்டர் இல்லாமல் "கைப்பக்குவத்தில்" காய்ச்சுவது நெருப்போடு சூதாடுவதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன ஆலையில் இப்படிப் பொங்கித் தீப்பிடித்தது. பதறிய பையன் ஒருவன் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி ஊற்றினான். 200 டிகிரி எண்ணெயில் விழுந்த தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் ஆவியாக விரியும். அது எரிகிற எண்ணெயை வாரி மேலே தூக்கி அடிக்கும். கூரை போனது, பையனின் தோளும் கழுத்தும் வெந்தன. பிழைத்துவிட்டான். கொல்லையில் தகரத்தைக் கவிழ்த்து மண்ணை வாரிப் போட்ட ஆயாக்கள் அங்கே இருந்திருந்தால் அந்தக் குடத்தைத் தூக்க விட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

என் மாணவருக்கு எழுதியதை, அவர் தாளையும் ஆயாக்களின் பழக்கத்தையும் சேர்த்து, இங்கே ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடமும் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பரிடமும் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

அண்டாவில் தீப்பிடித்தால் முதல் வேலை கீழே விறகை இழுப்பது, பர்னராக இருந்தால் அதை நிறுத்துவது. அடுத்தது தகர மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுவது. மூடி எப்போதும் அண்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தேடிப் போகிற இடத்தில் இருந்து பயனில்லை. உலர்ந்த மணல் வாளிகளில் தயாராக இருக்கட்டும். மணல் உலர்ந்திருப்பது முக்கியம். மழையில் நனைந்த மணலைப் போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றுதான். உலர் தூள் தீயணைப்பான் ஒன்று வாங்கி வைப்பது ஒரு மூட்டைப் பருப்பின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. மூடிய அண்டாவை உடனே திறந்து பார்க்காதீர்கள், சூடு தணியாமல் காற்றுப் பட்டால் மறுபடி பற்றும். 101க்குப் போன் செய்யும்போது "முந்திரி எண்ணெய், சூடான எண்ணெய்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே "தீ" என்றால் அவர்கள் தண்ணீரை நம்பி வருவார்கள்.

ஓட்டுக் குவியல் புகைந்தால் கணக்கு வேறு. அங்கே கொதிக்கும் எண்ணெய் இல்லை, தண்ணீர் அடிக்கலாம். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நீளக் கொம்பால் குவியலைக் கலைத்துப் பரப்பி நனைக்க வேண்டும். மேலே நனைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அந்தப் புகை சாதாரண விறகுப் புகை இல்லை. கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். அந்தக் காரணத்துக்காகவே பச்சை ஓட்டை வீட்டு அடுப்பில் எரிக்க வேண்டாம்.

கையில் பச்சை எண்ணெய் பட்டால், தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கெட்டியாக ஒட்டியிருந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் இளக்கித் துடைத்து, பிறகு சோப்பு. மண்ணெண்ணெயும் தின்னரும் வேண்டவே வேண்டாம். கறையை எடுக்கும்போதே அவை தோலையும் கெடுத்து, விஷத்தை ஆழமாக உள்ளே இறக்கும். எண்ணெய் பட்ட சேலையையும் சட்டையையும் உடனே மாற்றி, குழந்தைத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள். கொப்புளத்தைக் குத்த வேண்டாம். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சிலருக்கு ஒவ்வாமை அன்றே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தடிக்கும். "நேற்று சாப்பிட்ட கத்தரிக்காய்" என்று நினைத்துக்கொள்வார்கள். டாக்டரிடம் போனால் "முந்திரிக்கொட்டை உடைக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கண்ணில் தெறித்தால் இமையைப் பிரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஓடவிட்டுக் கழுவி, நேராக ஆஸ்பத்திரி. சூடான எண்ணெய் உடம்பில் கொட்டினால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், 108. தீப்பிடித்த எண்ணெயில்தான் தண்ணீர் ஆகாது, வெந்த தோலுக்குத் தண்ணீரே மருந்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மசி, பற்பசை, மஞ்சள், முட்டை எதுவும் போட வேண்டாம்.

கையுறை விஷயம். துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்து இன்னும் கேடு செய்யும். நைட்ரைல் கையுறை கடைகளில் கிடைக்கிறது. "சார், அதைப் போட்டா வேகம் வரல, கிலோவுக்குத்தானே கூலி" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அவர் சொல்வது நிஜம். கிலோக் கணக்கில் கூலி இருக்கும்வரை கையுறை கூலியைக் குறைக்கும் பொருள்தான். கையுறையும் சோப்பும் வாங்கித் தருவது கொட்டையைக் கொடுப்பவரின் செலவாக இருக்க வேண்டும். பெயின்ட் கம்பெனியில் அப்படித்தான் இருக்கிறது, என் மாணவர் தன் காசில் கையுறை வாங்கவில்லை. உறை இல்லாமல்தான் வேலை நடக்கும் என்றால், அதுவரை ஆமணக்கெண்ணெயும் சாம்பலும். ஒன்றுமில்லாததற்கு அது மேல். மணிக்கொரு தடவை துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள், பழைய பூச்சில் விஷம் ஊறிவிடும்.

கறையான் அரிக்காமல் இருக்க வாசக்காலுக்கும் உத்தரத்துக்கும் இந்த எண்ணெய் அடிக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. கடற்கரையில் படகுக்கும் பூசுவார்கள். அடிக்கிற அன்றைக்கு முழுக்கைச் சட்டையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே உத்தரம் என்றால் சொட்டுவது முகத்தில்தான். துடைத்த துணியை அடுப்படியில் போடாதீர்கள்.

அந்தப் பாதுகாப்புத் தாளில் மொத்தம் 16 பகுதிகள். நாலாவது முதலுதவி, ஐந்தாவது தீயணைப்பு, ஆறாவது கொட்டிவிட்டால் என்ன செய்வது. இந்த மூன்றை மட்டும் நானும் என் மாணவரும் தமிழில் ஒரே பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். பெரிய எழுத்தில் அடித்து, ஓடு வாங்குகிற கடைகளிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டலாம் என்று திட்டம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஆண்டிமடம், வரதராஜன்பேட்டை, முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் உங்கள் வீட்டுப் பெண்கள் கொட்டை உடைத்திருந்தால், கையில் என்ன பூசினார்கள், புண்ணுக்கு என்ன போட்டார்கள், தீயை எப்படி அணைத்தார்கள் என்று அம்மாவையோ ஆயாவையோ கேட்டு எனக்கு எழுதுங்கள். சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். புதுக் கொட்டை மாசியில் வந்துவிடும், தை முடிவதற்குள் தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.